புது பிக்கப்புக்கு ஆஃப்ரோடு வேலை செய்யப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வாங்கி, கரடுமுரடான தடத்தில் ஓட்டுவதற்காக அதற்கு லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), டயர், ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார்) என்று போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு பட்டறையில் என்னிடம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாகப் பில் போட்டார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பெயரை விட அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும். இதே கைவரிசையை வேறு ஊரிலும் காட்டுகிறார்கள் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

எனக்கு தாளவாடிப் பக்கம் தோட்டம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கினால் மண் தடம். நடுவில் ஒரு பள்ளம். மழைக்காலத்தில் அதில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும். 2024-ல் வி-கிராஸ் எடுத்தது இதற்காகத்தான். பட்டறையில் சொன்ன ‘பேக்கேஜ்’ இது: வெளிநாட்டு ஸ்பிரிங்கும் கேஸ் ஷாக் அப்சார்பரும் போட்டு இரண்டு இஞ்ச் லிஃப்ட், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரைன் டயர் நான்கு, ஸ்நார்க்கல், இரும்பு பம்பர், வின்ச். பில் இல்லாமல் போட்டால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார் ஓனர். எனக்குப் பில் வேண்டும் என்றேன். பில் வந்தது. ஆனால் அதில் ‘சஸ்பென்ஷன் கிட் - 1 செட்’ என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயரும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு வரி வந்தால் அங்கேயே நின்று எழுத வையுங்கள்.

வண்டி வெளியே வந்தபோது பார்க்க அட்டகாசமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்னால் ‘டக்’ என்று ஒரு இடி. முன் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய ஆரம்பித்தன. பட்டறைக்கு போன் செய்தால், “புது ஸ்பிரிங் செட் ஆகணுமுங்க, ஓட்டுங்க சரியாயிரும்” என்றார்கள். சரி என்று சத்தியமங்கலத்தில் அலைன்மென்ட் பார்க்கப் போனேன். அங்கே இருந்த பெரியவர் வண்டியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, ஸ்பிரிங்கு மாத்துனேன்னு சொன்னீங்க? இது வண்டியோட வந்த ஸ்பிரிங்குங்க.”

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றவே இல்லை. அந்த அசெம்ப்ளியின் தலையில் ஒரு அலுமினிய வட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். முன்பக்கம் உயர்ந்துவிடும், கண்ணுக்கு லிஃப்ட்தான். ஆனால் சக்கரம் குழியில் இறங்கும்போது கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டித் தொங்கும். என் வண்டியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் போய் ஸ்பிரிங்கில் இடித்துக்கொண்டிருந்தது. ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தது. பின்பக்கம் இன்னும் மோசம். பிளேட் ஸ்பிரிங் செட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டை, அதைப் பிடிக்க நீளமான யூ போல்ட், அவ்வளவுதான். பின் ஷாக் மஞ்சளாக மின்னியது. பெரியவர் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். பெயின்ட் உரிந்து கம்பெனி லேபிள் தெரிந்தது. பழைய ஷாக்குக்கே வர்ணம் அடித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்! அலைன்மென்டுக்குத் தனியாகப் பில் போட்டிருந்தார்கள், அதையும் தொடவில்லை.

இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் வண்டியின் மூக்கில் கிட்டத்தட்ட நூறு கிலோ ஏறும். அந்த எடையைத் தாங்கத்தான் கனமான ஸ்பிரிங் கேட்கிறோம். கம்பெனி ஸ்பிரிங்கின் மேல் வட்டை வைத்தால் உயரம் கிடைக்குமே தவிர பலம் கிடைக்காது.

டயர் கதை சின்னது. பக்கச் சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 3119 என்றால் 2019-ன் 31-வது வாரத்தில் செய்தது. அந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். என் முன் டயர் இரண்டிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். படுத்துப் பார்த்தால் 2019. பின்னால் இருந்த இரண்டும் புதுசு. ஐந்து வருடம் கிடங்கில் கிடந்த ரப்பரைப் புது டயர் விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இதே பட்டறை முதலில் கம்பெனி அளவான 255/60 ஆர்18-ஐக் கழற்றிவிட்டு 265/70 ஆர்17 அளவு டயர் போடச் சொல்லி நச்சரித்தது. அதன் விட்டம் ஐந்து சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இன்றும் கோபம் தீராதது ஸ்நார்க்கலில். மற்றதெல்லாம் காசு நஷ்டம். இது இன்ஜினையே கொன்றிருக்கும். ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்தை) வெட்டி, மேலே கறுப்புக் குழாயை அழகாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அந்தக் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டியோடு சேரும் இடத்தில் கிளாம்ப் இல்லை, சீலன்ட் இல்லை, விரல் நுழையும் இடைவெளி. இன்ஜின் கூரை உயரத்திலிருந்து மூச்சு வாங்குகிறது என்று நம்பிப் பள்ளத்தில் இறங்குகிறோம். அது ஃபெண்டருக்குள் இருந்து, அதாவது தண்ணீர் வரும் இடத்திலிருந்து வாங்குகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுக்காவிட்டால் சாதாரண இன்ஷூரன்சில் அதற்குக் காசு வருவது கஷ்டம். வாரண்டியும் கைவிரித்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. வண்டியை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை ஒரு ரப்பர் ஷீட்டால் இறுக்கி மூடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். என் வண்டி மூடியது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்நார்க்கல் போடுகிறவர்கள் ஆக்சிலின் ஏர் வால்வை மறந்துவிடுகிறார்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறார்கள். ஓடிச் சூடான கிரவுன் (ஆக்சில் நடுவே இருக்கும் கியர் பெட்டி) சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியே இருப்பதை உறிஞ்சும். அதனால் அந்த வால்விலிருந்து ஒரு டியூப் போட்டு மேலே கொண்டுவர வேண்டும். என் பில்லில் அதுவும் இருந்தது, வண்டியில் இல்லை. பின் கிரவுன் ஆயிலை இறக்கினால் தண்ணீர் கலந்து டீ நிறத்தில் வந்தது.

வின்ச்சைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை வாங்கக்கூடிய மோட்டார் அது. தடித்த கேபிளில் நேராக பேட்டரிக்குப் போக வேண்டியதை ஃப்யூஸ் பாக்ஸில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். பம்பரும் சேஸிஸில் போல்ட் ஆகவில்லை, பழைய பிளாஸ்டிக் பம்பர் நின்ற தகரத்தில் நின்றது. ஒருமுறை இழுத்திருந்தால் வின்ச்சோடு பம்பரும் பிய்ந்து வந்திருக்கும்.

“ஆர்டிஓ ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று அவர்கள் சொன்னதும் பொய். வாகனத்தின் முன்னால் கிராஷ் கார்டு, புல் பார் என்று இரும்புச் சட்டம் போடுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வண்டி உரிமையாளருக்குத்தான், பட்டறைக்காரருக்கு அல்ல. பம்பரையும் வின்ச்சையும் கழற்றிவிட்டேன்.

பட்டறையில் போய்க் கேட்டபோது முதலில் “ஆஃப்ரோடு போனா தேயத்தானுங்க செய்யும்” என்றார்கள். அப்புறம், “இந்தக் கிட்டே இப்படித்தான் வரும்” என்றார்கள். அப்படியானால் கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். அந்த ஸ்பிரிங் வாசலில் என் வண்டியில்தான் இருந்தது.

நீங்கள் போகும்போது சாமான் பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். பார்ட் நம்பரைப் படம் எடுங்கள், அதே நம்பரைப் பில்லில் போடச் சொல்லுங்கள். டயரை மாட்டும் முன் தேதியைப் படியுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பின்னால் ஏற்றிவிடச் சொல்லுங்கள், பிக்கப்தானே, இடம் இருக்கிறது. தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். என்னைக் கேட்டால், முதல் மழைக்காலத்தை நல்ல ஆல்-டெரைன் டயர், சேஸிஸில் பிடித்த ரெக்கவரி கொக்கி, அடியில் ஒரு காப்பு பிளேட் ஆகியவற்றோடு ஓட்டிவிட்டு, அதன் பிறகு லிஃப்ட் தேவையா என்று பாருங்கள். தோட்டத்துக்குப் போகும் பாதி வண்டிகளுக்கு அது தேவைப்படாது.

தேதி ரப்பரிலேயே இருந்ததால் இரண்டு டயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மீதிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பதில் வராததால் ஆன்லைனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், பணம் அனுப்பிய பதிவு, அலைன்மென்ட் பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு, வட்டையின் படங்கள் எல்லாம் சேர்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு இன்னும் பதில் மனு போடவில்லை. வண்டி இப்போது வேறொரு மெக்கானிக்கிடம் நிற்கிறது: வட்டையையும் கட்டையையும் எடுத்துவிட்டு, கிழிந்த ரப்பர் பூட்டையும் கிரவுன் சீலையும் மாற்றுகிறார். ஃபெண்டரை வெட்டியாகிவிட்டதால் ஸ்நார்க்கல் மட்டும் இருக்கட்டும், ஒழுங்காக சீல் செய்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.