உலர் தேங்காய்த் துருவல் என்ற பெயரில் சக்கை வருகிறது: விடுமுறைக்கு குக்கீஸ் சுடுபவர்கள் கவனத்துக்கு

குளிர்கால விடுமுறைக்குத் தேங்காய் குக்கீஸ் சுட்டு டப்பா டப்பாவாகக் கொடுக்கிறவர்கள், மொத்தமாகத் துருவல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் ஆர்டர் செய்த இரண்டு கிலோ பையில் எனக்கு வந்தது பால் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கை. அதுவும் பழசு. இதைவிட மோசமான விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

விற்பனைப் பக்கத்தில் ‘முழுக் கொழுப்பு, இனிப்பு சேர்க்காதது, தேங்காய் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பையின் முன்பக்கப் படம் மட்டும் நாலைந்து கோணத்தில் இருந்தது. பின்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. பை வந்து சேர்ந்தபோது துருவல் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக இருந்தது. முகர்ந்தால் நல்ல மணமும் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. விடுமுறைக் காலத்தில் இந்த வியாபாரம் ஓடுவதற்கு ஒரு காரணம் குளிர்தான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நல்ல துருவலே அப்போது விரலில் பிசுக்கென்று ஒட்டாது, காறல் எடுத்த துருவலிலும் வாடை எழும்பாது. வெயில் காலத்தில் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடுகிற வித்தியாசம் குளிரில் அப்படியே மறைந்து போகிறது.

தெரிந்தது மாவு பிசையும்போது. 200 கிராம் வெண்ணெய், 150 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 250 கிராம் மைதா, 150 கிராம் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. வருஷக்கணக்காக நான் போடுகிற அளவு இது. உருட்டும்போது உள்ளங்கையில் லேசாக எண்ணெய்ப் பசை ஏறும். இந்த முறை உருண்டையே பிடிபடவில்லை. அழுத்தினால் ஓரமெல்லாம் வெடித்தது. 170 டிகிரியில் வைத்தால் குக்கீ கொஞ்சம் பரவ வேண்டும், ஆனால் வைத்தது வைத்தபடி நின்றது. ஓரம் கருக ஆரம்பித்தும் நடுப்பகுதி வெளுத்தே கிடந்தது. கடித்தால் வாய் நிறைய மரத்தூள். விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு சோப்பு ருசி வந்து உட்கார்ந்துகொண்டது, தண்ணீர் குடித்தும் போகவில்லை.

அந்தச் சோப்பு ருசி பிரமை இல்லை. தேங்காய்க் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். துருவலில் ஈரம் புகுந்து பழசாகும்போது கொழுப்பு உடைந்து அந்த அமிலம் தனியாகப் பிரிகிறது. சோப்பு செய்யப் பயன்படுகிற அதே அமிலம்தான், அதனால்தான் அந்த ருசி. மரத்தூளுக்கும் காரணம் இருக்கிறது. முறையாக உலர்த்திய முழுக் கொழுப்புத் துருவலில் ஈரம் மூன்று சதவீதம் அளவில்தான் இருக்கும், கொழுப்பு 60 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். பால் பிழிந்த சக்கையை உலர்த்திப் பொடித்தால் கொழுப்பு குறைந்து நாரின் பங்கு கூடிவிடும். அந்த நார், மாவில் இருக்கிற முட்டையின் ஈரத்தையும் வெண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு குக்கீ எப்படிப் பரவும்?

சந்தேகம் வந்ததும் பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 கிராமுக்குக் கொழுப்பு 38 கிராம் என்று அச்சாகியிருந்தது. முன்பக்கத்தில் முழுக் கொழுப்பு, பின்பக்கத்தில் 38. இரண்டையும் ஒரே ஆள்தான் அச்சடித்திருக்கிறான்!

விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: ‘உங்கள் ஓவனில் சூடு சரியில்லாமல் இருக்கலாம். செய்முறையைச் சரிபார்க்கவும்.’ வீட்டில் சுடுகிறவர்களை இப்படித்தான் வாயடைக்கிறார்கள். குக்கீ கெட்டால் நாமே நம் கையைத்தான் சந்தேகப்படுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். சரி, நிரூபித்துவிடலாம் என்று வேறொரு பாக்கெட் துருவல் வாங்கி, அதே அளவில் இரண்டு மாவு பிசைந்து, ஒரே தட்டில் இடது பாதி அவர்களுடையது, வலது பாதி புதியது என்று வைத்து ஒன்றாகச் சுட்டேன். வலது பக்கம் அழகாகப் பரவிப் பொன்னிறமானது. இடது பக்கம் வைத்த உருவத்திலேயே நின்றது. தட்டைப் படம் பிடித்து, பின்பக்கப் பட்டியலின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். உங்களுக்கும் இப்படி ஒரு தகராறு வந்தால் இந்த அரைத்தட்டுச் சோதனையைச் செய்யுங்கள். ஓவன் கதை அதோடு நின்றுவிடும்.

அடுத்த பதிலில் சுருதி மாறியது. ‘கொழுப்பு குறைவாக இருப்பது உடலுக்கு நல்லதுதானே?’ படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பால் எடுத்து ஒரு தடவை காசு பார்த்தாயிற்று, சக்கையை முழுத் துருவல் விலைக்கு விற்று இன்னொரு தடவை பார்த்தாயிற்று, மேலே ஆரோக்கிய உபதேசம் வேறு. ஒன்று சொல்ல வேண்டும்: கொழுப்பு குறைந்த துருவல் என்று வெளிப்படையாகவே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக இருந்தால் அதில் தவறில்லை, வெண்ணெயைக் கூட்டிக்கொண்டு சமாளிக்கலாம். என் சண்டை பெயரை மாற்றி விற்றதற்கும், பழசை அனுப்பியதற்கும்.

இப்போது அந்த மோசமான விஷயம். வெள்ளை நிறம் உறுத்திக்கொண்டே இருந்ததால், நிறம் மாறாமல் வைத்திருக்கும் சல்ஃபைட் ரசாயனம் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். வந்த பதில்: ‘நிறத்துக்காக எல்லாரும் போடுவதுதான், மிகக் குறைந்த அளவு, பயப்பட வேண்டாம்.’ பையில் உள்ள பொருள்கள் என்ற இடத்தில் ‘தேங்காய்’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது.

துருவல் மஞ்சளாகாமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போன்றவற்றைச் சேர்ப்பது புதிது இல்லை, பல நாடுகளில் ஒரு வரம்புக்குள் அனுமதியும் உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். சில லேபிள்களில் பெயருக்குப் பதில் 220 முதல் 228 வரைக்குள் ஓர் எண் இருக்கும், அதையும் பாருங்கள். நான் டப்பா கொடுக்கிறவர்களில் ஒருவர் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பாதவர். வீட்டில் செய்தது, நம்பிச் சாப்பிடலாம் என்றுதான் என்னிடம் வாங்கிக்கொள்வார். குக்கீ சரியாக வராமல் போனது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. சோப்பு ருசி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் துருவல் அவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

வாங்கியவர்கள் கொடுக்கிற நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த விற்பனைப் பக்கத்துக் கருத்துகளைப் பொறுமையாகக் கீழே வரை படித்தபோது, பாதிக்கு மேல் தேங்காய்ப் பால் பொடியைப் பற்றியவை. ‘குழம்பில் கட்டியில்லாமல் கரைகிறது’ என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். துருவல் எங்கே கரைவது? நல்ல பெயர் வாங்கிய பழைய பொருளின் பக்கத்தில் படத்தையும் தலைப்பையும் மட்டும் மாற்றிப் புதுப் பொருளைச் சொருகிவிடுகிறார்கள், நட்சத்திரங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. எண்ணிக்கையைப் பார்க்காமல் நாலு கருத்தையாவது வாசித்துப் பாருங்கள்.

வாங்கும் முன் ஊட்டச்சத்துப் பட்டியலின் படம் கேளுங்கள். கொழுப்பு 60க்குப் பக்கத்தில் இருந்தால் முழுத் துருவல். முப்பதுகளில் இருந்தால் சர்க்கரை அளவையும் பாருங்கள். இனிப்புத் துருவலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும், அதிலும் கொழுப்பின் அளவு குறைவாகவே தெரியும். அப்படி இல்லாமல் சர்க்கரையும் குறைவு, கொழுப்பும் குறைவு என்றால் நார்தான் கூடியிருக்கிறது. படம் தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மொத்தத்தையும் மாவில் கொட்டாதீர்கள். ஒரு ஸ்பூன் துருவலைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொதிக்கிற நீரை ஊற்றிக் கலக்குங்கள். சூடு பட்டதும் வாடை எழும்பும், காறலோ சோப்போ அப்போதே மூக்குக்குத் தெரியும். பிறகு ஆற விடுங்கள். நல்ல துருவலில் நீர் பால்போல் வெளுத்து, மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும், குளிரக் குளிர அவை வெள்ளை ஏடாக உறையும். என் பையிலிருந்து எடுத்ததில் மங்கலான நீரும் அடியில் தங்கிய தூளும்தான் மிஞ்சின. சல்ஃபைட்டை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு லேபிள்தான்.

பணம் திரும்பி வந்தது, ஆனால் விற்பனையாளரிடமிருந்து இல்லை. உணவுப் பொருள், பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கைவிரித்தார். விற்பனைப் பக்கத்தில் நான் எழுதிய கருத்தை நீக்கினால் அடுத்த ஆர்டரில் பாதி விலை தள்ளுபடி என்றும் சொல்லிப் பார்த்தார். கார்டு கொடுத்த வங்கியில் ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்ற பிரிவில் புகார் கொடுத்தேன். விற்பனைப் பக்கத்தின் படம், பின்பக்கப் பட்டியல், அரைத்தட்டுப் படம், சல்ஃபைட் பற்றி அவரே எழுதிய பதில், நான்கையும் இணைத்தேன். உரையாடலைத் தளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது இங்கே கைகொடுத்தது. தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், நான் போகவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் லேபிள் விஷயத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில் மறுபடி திறந்திருக்கிறது. படம் அதேதான்: நீலக் கிண்ணத்தில் குவித்த துருவல், கிண்ணத்தின் விளிம்பில் வலது ஓரம் சின்னதாக ஒரு உடைசல். ‘முழுக் கொழுப்பு’ என்ற வரியை எடுத்துவிட்டு ‘உயர்தரம்’ என்று போட்டிருக்கிறார்கள். பின்பக்கப் படம் இன்னும் இல்லை.