பெர்ஜுந்தையில் வில் நாணுக்கு நூல் சுற்றித் தரும் தூண்டில் கடை

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள இந்த ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டாலும் எங்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே பழைய கடை வரிசையில் பாதி ஷட்டர் எப்போதும் இறங்கியே இருக்கும் தூண்டில் கடை ஒன்று உண்டு. சிலாங்கூர் ஆற்றில் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கடை நன்றாகத் தெரியும். வில் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் படிவம் மூன்று. 66 அங்குல ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது), இழுவிசை 28 பவுண்டு. வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, நாளுக்கு நூறு அம்பு. நாணின் நடுவில், அம்பு பூட்டி விரலால் இழுக்கும் இடத்தில் நெருக்கமாக நூல் சுற்றியிருக்கும். சர்விங் என்பார்கள். உள்ளே இருக்கும் இழைகள் தேயாமல் காப்பது அந்த நூல். அம்பின் பின்முனையில் உள்ள நாக் கவ்விக்கொள்வதும் அதைத்தான். ஜூன் மாதத்தில் அந்தச் சுற்று விலகத் தொடங்கி, இடைவெளியில் மஞ்சள் இழை எட்டிப் பார்த்தது.

நான் செம்பனை மில்லில் ஃபிட்டர். கையில் இருந்த சூப்பர் குளூவை இரண்டு சொட்டு விட்டுவிட்டேன். செய்திருக்கவே கூடாது. அந்த இடம் காய்ந்து கம்பி மாதிரி விறைத்தது. பசை முடிகிற ஓரத்திலேயே நூல் மூன்று நாளில் அறுந்தது. நாண் வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, சர்விங் மட்டும் மாற்றித் தருவதில்லை, புது நாண் வாங்குங்கள் என்றார்கள். 16 இழையில் ஒன்றுகூட அறாத நாண் அது. மேல் நூல் தேய்ந்ததற்காக அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மில் லோரி ஓட்டுநர்தான் இந்தக் கடையைச் சொன்னார். தூண்டில் கடைக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்ற யோசனையோடுதான் போனேன். கடைக்கார அண்ணனின் மேசையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தூண்டில் கோலில் வளையங்களை வைத்து நூல் சுற்றிக் கட்டுவது அவருடைய வேலை. முடிச்சே போடாமல், நூலின் நுனியைச் சுற்றுக்கு அடியில் இழுத்துவிட்டு முடிக்கிற கை அவருக்கு முப்பது வருடப் பழக்கம். கோலுக்கு அதன் மேல் எபாக்சி பூசுவார். நாணுக்கு அந்த மாதிரி எதுவும் ஆகாது. நான் பசை விட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இனிமே இத செய்யாதீங்க தம்பி, உள் இழைய தின்னுரும்" என்றார்.

நான் நாணை மட்டும் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். வில்லையும் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தளர்ந்த நாணில் எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும், வில்லில் ஏற்றியதும் நாண் இழுபட்டு மெலியும், சுற்று நழுவிவிடும். மில்லில் பெல்ட் மாட்டுகிறவனுக்கு இது எடுத்துச் சொல்லாமலே புரிந்திருக்க வேண்டும்.

பழையதை வெட்டும் முன்பே அளவெல்லாம் குறித்துக்கொண்டார். பிரேஸ் ஹைட், அதாவது வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, 8½ அங்குலம். அம்பு பூட்டும் இடத்தைக் காட்டும் நாக் பாயிண்ட் அளவுச் சட்டத்தில் 9 மில்லி உயரம். சுற்று தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் பேனாக் கோடு. வெட்டும்போது பிளேடின் கூர் ஒரு தரம்கூட இழைப் பக்கம் திரும்பவில்லை. நூலை ஊசியால் தூக்கித் தூக்கி, வெளிப்பக்கமாகவே அறுத்தார். பசை ஒட்டியிருந்த அரை அங்குலத்துக்கு மட்டும் இருபது நிமிடம் நகத்தால் சுரண்டினார்.

பிறகு ஜிக் என்ற நூல் சுற்றும் கருவியில் நூலைக் கோத்து, திருகை இறுக்கி, நூலைச் சுண்டிப் பார்த்தார். நாணின் முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கமாகத்தான் சுற்றினார். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கட்டைவிரல் நகத்தால் தள்ளி நெருக்கினார். முடிக்கிற இடத்தில்தான் வித்தை. நூலை ஒரு பெரிய வளையமாக விட்டு, அதற்குள்ளே எதிர்ப்பக்கமாக 12 சுற்று. அப்புறம் வளையத்தைப் பிடித்துப் பழைய திசையிலேயே சுற்றச் சுற்ற, உள்ளே சுற்றியது அவிழ்ந்துகொண்டே வந்து, மிஞ்சிய நுனி அடியில் படுத்துவிடுகிறது. இழுத்து ஒட்ட வெட்டினார். மகள் விரலால் தடவிப் பார்த்தாள். நுனி எங்கே என்று அவளுக்கு அகப்படவே இல்லை.

குறையும் உண்டு. அன்றைக்கு அவரிடம் இருந்தது பிசிஒய் ஹாலோ என்ற சர்விங் நூல், 0.024 அங்குலத் தடிமன். வீட்டுக்கு வந்து அம்பைப் பூட்டினால் நாக் நாணைக் கடித்துப் பிடித்தது. அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, நாணை விரலால் தட்டினால் அம்பு விழ வேண்டும். தட்டாமல் விழக்கூடாது. எங்களுடையது கையால் இழுத்தால்தான் வந்தது. அன்று மாலை திடலில் அம்புகள் இலக்குப் பலகை முழுக்கச் சிதறின. தளர்வாக இருந்தாலும் ஆபத்துதான். இழுக்கும்போது நாக் கழன்றுவிட்டால் வெறும் நாண் அடித்து வில்லின் கையே (வளையும் பகுதி) வெடித்துவிடலாம். நான் அம்பைக் கொண்டு போயிருக்க வேண்டும், அவரும் கேட்டிருக்க வேண்டும். மறுவாரம் 0.019 நூல் வரவழைத்து மறுபடி சுற்றித் தந்தார். நூலின் தடிமனில் 0.005 அங்குலம்தான் வித்தியாசம். இரண்டு பக்கமும் சேர்த்தால் நாணின் பருமனில் கால் மில்லி குறைந்துவிடுகிறது. இப்போது தட்டினால் விழுகிறது. இரண்டாம் முறைக்கு நூலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

முதல் முறை கொடுத்தது 25 வெள்ளி (ரிங்கிட்). அதில் பல் இடுக்கு நூலால் நாக் பாயிண்ட் கட்டித் தருவதும் சேர்த்தி. மூன்று மாதம் ஆகிறது, சுற்று ஓர் இடத்திலும் விலகவில்லை. மெழுகை நூல் சுற்றாத இழைகளுக்கு மட்டும் போட்டு, சூடேறும்வரை விரலால் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலையில் மகள் அதைச் செய்துவிட்டுத்தான் பசியாறுகிறாள்.

ஆற்றில் நீரோட்டம் நன்றாக இருக்கும் நாளில் கடை திறக்காது, போனும் எடுக்கமாட்டார். போட்டிக்கு முந்தின நாள் ஓடாதீர்கள், பத்து நாள் முன்பே போய்விடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் போனால் ஆள் இருப்பார். வில், நாண், நாண் ஏற்றும் கயிறு, பிள்ளை எய்கிற அம்பில் மூன்று, எல்லாம் கையோடு இருக்கட்டும்.