பிறந்த திகதி கீபோட் வாங்குறீங்களா? லேபல் படத்தை மட்டும் நம்பிக் காசு போடாதீங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கீபோட் சேர்க்கிற ஆக்கள் கட்டாயம் வாசிங்க.

ஐபிஎம் கம்பனியின் மொடல் எம் என்கிற பழைய கொம்பியூட்டர் கீபோட்டைத் திருப்பினால் அடியில் ஒரு லேபல். அது செய்த நாள், மாதம், வருசம் எல்லாம் அதில் இருக்கும். களுவாஞ்சிகுடியில் டைப்பிங் படிப்பிக்கிற என் அக்காவுக்கு, அவ பிறந்த அன்றே செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 1988 யூன் 14. கொழும்பில் ஒருவர் இருக்குது என்றார். லேபல் படமும் அனுப்பினார், திகதி அச்சொட்டாக அதேதான். கீபோட்டுக்கு 30,000 ரூபா, "திகதி பார்த்துத் தேடித் தந்ததுக்கு" மேலதிகமாக 15,000. முழுக் காசையும் பேங்கில் போட்ட பிறகுதான் பஸ்ஸில் பார்சல் ஏற்றினார். ஏற்றிவிட்டு ஒரு மெசேஜ்: "கழற்ற வேணாம், கழற்றினா நான் பொறுப்பில்ல."

சாமான் அசல் மொடல் எம்தான். ஸ்பிரிங் சத்தம், பாரம், எல்லாம் சரி. ஆனால் லேபலின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் மெல்ல உரித்தேன். பிரின்ட் எடுத்த கடதாசி, மேலே செலோடேப். அதற்குக் கீழே உண்மையான லேபல்: 1993, லெக்ஸ்மார்க் பெயரோடு. லெக்ஸ்மார்க் கம்பனி ஐபிஎம்மிலிருந்து பிரிந்ததே 1991இல்!

திருமலை வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோய்க் கழற்றினோம். பின்பக்கம் நாலு ஆறுமூலை ஸ்குரூ, ஆழத்தில் இருக்கும், 5.5 மில்லிமீட்டர் சொக்கெட் வேண்டும். உள்ளே போர்டில் உள்ள சிப்பில் 9240 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வருசம், அடுத்த இரண்டு கிழமை: 1992இன் 40ஆவது கிழமை. 88இல் செய்த கீபோட்டுக்குள் 92ஆம் ஆண்டுச் சிப் எப்படி வரும்?

கேட்டதற்கு அந்த ஆள் சொன்ன பதில்: "ஒரே மொடல்தானே, இது புதுசு வேற, உங்களுக்கு லாபம்தானே." திகதிக்கென்றே தனியாகக் காசு வாங்கினவர் இப்படிச் சொல்கிறார். படங்களை அனுப்பினதும் புளொக் பண்ணிவிட்டார். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் வாங்குவதென்றால், லேபலின் நாலு மூலையையும் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து வீடியோ கேளுங்க. அதோடு கழற்றி, சிப் இலக்கத்தையும் காட்டச் சொல்லுங்க. லேபல் இருப்பது அடி மூடியில் என்பதால், அசல் 88 மூடியை வேறொன்றுக்கு மாட்டிவிடவும் முடியும், லேபலை மட்டும் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. சிப்பின் திகதி லேபலுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதென்றால் விட்டுவிடுங்க. கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிறவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

எனக்கு விற்ற அந்தக் கொழும்பு ஆள் அதே லேபல் படத்தை, அதே தொடரிலக்கத்தோடு, திகதியை மட்டும் மாற்றி நேற்று வேறொருவருக்கும் அனுப்பியிருக்கிறார். உரித்த கடதாசி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படியொரு படம் வந்திருந்தால் காசு போட முன் எனக்கு அனுப்புங்க, ஒப்பிட்டுச் சொல்கிறேன்.