சம்பள உயர்வா, வார லீவா? ஹோட்டலில் ஆள் நிற்க எது உதவும்

ஹோட்டல் நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால், காய்கறி விலைக்கு முன்னால் வருகிற பேச்சு "ஆள் நிக்க மாட்டேங்கிறான்" என்பதுதான். அதற்கு நான்கு வழிகள் வழக்கத்தில் உண்டு: அட்வான்ஸ் கொடுப்பது, டிப்ஸை ஒழுங்குபடுத்துவது, சம்பளத்தைக் கூட்டுவது, வேலை நேரத்தையும் லீவையும் திருத்துவது. கடைசி வழியைத்தான் முதலாளிகள் கடைசியாக யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

அட்வான்ஸை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. புரோட்டா மாஸ்டர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ ஒரு தொகை கேட்கிறார். கொடுத்துவிட்டு, "இது கழியிற வரைக்கும் போகமாட்டார்" என்று முதலாளி நிம்மதியாக இருக்கிறார். பக்கத்துத் தெருவில் புதுக்கடை திறந்தால் அந்தத் தொகையைக் கட்டி, மேலே கொஞ்சம் போட்டு மாஸ்டரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நின்றால் கடனுக்காக நிற்கிறார், போனாலும் கடனோடு போகிறார். கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டிவிடும் காரியம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

டிப்ஸ் விஷயத்தில் நியூயார்க் அனுபவம் ஒன்று போதும். யூனியன் ஸ்கொயர் ஹாஸ்பிடாலிட்டி குழுமத்தின் டேனி மேயர் 2015 அக்டோபரில் தன் உணவகங்களில் டிப்ஸையே எடுத்துவிடுவதாக அறிவித்தார். சமையலறைக்கும் சப்ளைக்கும் இடையே இருந்த வருமான இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். மெனு விலை ஏறியது, அனுபவமுள்ள சர்வர்கள் பலர் விலகினார்கள், 2020 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. கையில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த வருமானத்தில் கை வைத்தால், எவ்வளவு நியாயம் சொன்னாலும் ஆள் போய்விடுவார்.

மீதி இரண்டைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செலவு ஒன்றேதான். லீவே இல்லாமல் ஓடுகிற ஒரு கடையில் ஆறு பேர், தலைக்குத் தினம் 700 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 4,200. ஆறு பேருக்கும் வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு விட, லீவில் இருப்பவர் இடத்தில் நிற்க ஒரு மாற்று ஆள், அதாவது ரிலீவர் வேண்டும், தினச் செலவு 4,900 ஆகும். அதே 700 ரூபாயை ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு சுமார் 117 ரூபாய் உயர்வு. எதிர்க்கடைக்காரர் மறுநாளே 150 ரூபாய் உயர்த்திவிட முடியும். வார லீவை அப்படி ஒரே ராத்திரியில் காப்பியடிக்க முடியாது, அதற்கு வேலை தெரிந்த ரிலீவர் கையில் இருக்க வேண்டும். வார விடுமுறை இங்கே ஹோட்டல் தொழிலாளர்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு, சலுகையாக நினைக்க அதில் எதுவுமில்லை.

சம்பளமே குறைவாக உள்ள கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஊர்ச் சம்பளத்தை முதலில் கொடுத்தாக வேண்டும், லீவைக் காட்டி அதைக் குறைக்கக் கூடாது.

லீவுக்கு அடுத்தது பிரேக் டியூட்டி. காலை ஆறிலிருந்து பதினொன்று, மறுபடி மாலை நாலரையிலிருந்து பத்தரை. தாளில் பதினோரு மணி நேரம், ஆளுக்கு அது பதினாறரை மணி நேரம். நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாது. பத்துப் பேர் தங்கும் ரூமில் ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, துவைத்த யூனிஃபார்மைக் காயப்போடுவதற்குள் மணி நாலாகிவிடும். கேட்டரிங் படித்துவிட்டு வருகிற பையன்கள் முதல் மூன்று மாதத்துக்குள் கிளம்புவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நேர் ஷிஃப்டாக மாற்றினால் ஆள் கூடத்தான் வேண்டும். ஆனால் அதுவரை வரமுடியாதிருந்த உள்ளூர்ப் பெண்கள் வேலைக்கு வருவார்கள், அவர்களுக்கு ரூமும் தேட வேண்டாம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களின் கணக்கு வேறு. இங்கே தனியாக ஒரு நாள் சும்மா இருப்பதைவிட, சத் பூஜைக்கோ ஹோலிக்கோ அறுவடைக்கோ இருபது நாள் ஊரில் இருப்பது அவர்களுக்குப் பெரிது. வார லீவோடு அந்த நீண்ட லீவும் வேண்டும். லீவு இல்லை என்றால் சொல்லாமல் போவார்கள், திரும்பி வேறு கடைக்குத்தான் வருவார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. அதற்கு முன்பே யார் எப்போது போகிறார்கள் என்று எழுதிவாங்கி, போகவும் வரவும் கடையே டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் அதே கடைக்குத் திரும்புகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாத சின்னக் கடை, தோசைக்கல்லிலிருந்து தொடங்கலாம். கல் நின்றால் கடை நின்றது, அதனால்தான் தோசை மாஸ்டருக்கு லீவே கிடைப்பதில்லை. காய் நறுக்குகிற பையன்களில் ஆர்வமுள்ள ஒருவரைக் கூட்டம் குறைந்த நேரத்தில் தினமும் கல்லில் நிறுத்திப் பழக்குங்கள். பழகியதும் அவர் கூலியையும் ஏற்றிக் கொடுங்கள். மாஸ்டருக்கு லீவு கிடைக்கும், அந்தப் பையனுக்கும் இந்தக் கடையிலேயே ஏறிப்போக ஒரு படி கிடைக்கும்.