தேசிய காவலர் நினைவகம், புதுதில்லி: ஒரு மதிப்புரை

தில்லிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் தவறாமல் பார்த்துவிடுகிறார்கள். சாணக்கியபுரியில், சாந்தி பாதையின் வடக்கு முனையில் ஆறு ஏக்கருக்குச் சற்றே கூடுதலான பரப்பில் அமைந்திருக்கும் தேசிய காவலர் நினைவகத்தைப் பலர் அறிந்திருப்பதுகூட இல்லை. கடமையில் உயிர்நீத்த காவலர்களுக்கு நன்றி செலுத்த விரும்பும் ஒவ்வொருவரும் அவசியம் சென்று வரவேண்டிய இடம் அது.

நுழைந்ததும் கண்ணில் படுவது 30 அடி உயரமும் 238 டன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல். சிற்பி அத்வைத கடநாயக் அதில் உருவமோ அலங்காரமோ சேர்க்காமல் விட்டது மிகச் சரியான முடிவு. வீரனுக்கு நடுகல் நட்ட மரபில் வந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1959ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், முந்தைய நாள் திரும்பி வராத சகாக்களைத் தேடிச் சென்ற காவல் அதிகாரி கரம் சிங் தலைமையிலான குழுவின்மீது சீனப் படையினர் நடத்திய தாக்குதலில் 10 காவலர்கள் மாண்டனர். அவர்களுடைய உடல்கள் நவம்பர் 13ஆம் தேதிதான் ஒப்படைக்கப்பட்டன. அன்று அந்தப் பனி எல்லையில் காவலுக்கு நின்றது ராணுவம் அல்ல, காவல்துறைதான். தாக்குதல் நடந்த அக்டோபர் 21ஆம் நாளே ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது; 2018ஆம் ஆண்டு இந்த நினைவகம் திறக்கப்பட்டதும் அதே தேதியில்தான்.

இங்கு அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் வீரச்சுவர். விடுதலைக்குப் பின் நினைவகம் திறக்கப்படும் வரை பணியில் உயிரிழந்த 34,844 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. பதவி, மாநிலம், மதம் எதுவும் பாராமல் காவலரும் அதிகாரியும் ஒரே சுவரில் இடம்பெற்றிருப்பது மனத்தைத் தொடுகிறது. ஆனால் ஒருவர் எப்படி இறந்தார் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதை நாம்தான் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். மும்பைத் தாக்குதலின்போது, கையில் லத்தி மட்டுமே வைத்திருந்த துக்காராம் ஓம்ப்ளே, கிர்காம் சௌபாத்தியில் கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு, குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பிடியை விடவில்லை. அவர் விட்டிருந்தால் கசாப் உயிருடன் சிக்கியிருக்கமாட்டான். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் ஆயுதம் ஏதுமின்றிப் பணியில் இருந்த மத்திய ரிசர்வ் காவல் படைக் காவலர் கமலேஷ் குமாரி, பயங்கரவாதிகளைக் கண்டு ஓடி ஒளியாமல் மற்றவர்களை எச்சரித்து உயிரைக் கொடுத்தார். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியுடன் இறந்தவர்களில் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் உள்ளிட்ட காவலர்களும் இருந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இவற்றையெல்லாம் அறிந்த பிறகு அந்தச் சுவரை வேகமாகக் கடந்து போக முடியாது. குழந்தைகளுடன் செல்பவர்கள் சில பெயர்களையாவது அவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நிலத்தடியில் அமைந்துள்ள அருங்காட்சியகம் நேர்த்தியானது. ஆயினும் அது பெரும்பாலும் துறையின் வரலாறு: படைப்பிரிவுகள், சீருடைகள், ஆயுதங்கள். மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். உயிர்நீத்தவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி இன்னும் விரிவாக அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். வீட்டில் ஒருவரை இழந்த குடும்பம் இங்கு வரும்போது, துறையின் பெருமையைவிட அந்த ஒருவரைப் பற்றிய நான்கு வரிகள் அவர்களுக்குப் பெரிதாக இருக்கும்.

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் மற்ற நாட்களில் திட்டமிடுங்கள். லோக் கல்யாண் மார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் எளிதில் சென்றுவிடலாம். வளாகம் பெரும்பாலும் திறந்தவெளி; கோடையில் சென்றால் மாலை நேரமே ஏற்றது. வீரச்சுவரை முதலில் பாருங்கள், அருங்காட்சியகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.