மாட வீதி மடக்குப் பல்லாங்குழி: எதைப் பார்த்து வாங்குவது?

மயிலாப்பூர் மாட வீதிகளில் கொலு பொம்மை, சொப்புச் சாமானோடு விற்கும் மர மடக்குப் பல்லாங்குழியை நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். பொறுக்கி எடுப்பதில்தான் சூட்சுமம்.

முதலில் குழி. ஆழம் இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும். இல்லையென்றால் போடப் போட சோழி துள்ளி அடுத்த குழிக்குப் போய்விடும், கணக்கு குழம்பும். பிளாஸ்டிக் பலகைகள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகின்றன. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சிராய் தட்டக் கூடாது. அடுத்தது கீல். நம்மூர் உப்புக் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துத் தளரும். பித்தளைக் கீலும் திருகாணியும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

காய்தான் உண்மையான கவலை. விளிம்பு உடைந்த சோழி கையைக் கீறும். மஞ்சாடி விதை முழுக்கச் சிவப்பாக இருக்கும். கறுப்புப் பொட்டு இருந்தால் அது குண்டுமணி. கொடிய நஞ்சு, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒன்று கலந்திருந்தாலும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள். புளியங்கொட்டை செலவில்லாதது, ஆனால் கழுவி நன்றாக வெயிலில் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் எந்தக் காயும் எட்டும் இடத்தில் வேண்டாம். தொண்டையில் சிக்கும், மூக்கில் போகும்.

ஆட்டத்தை 14 குழிக்கும் குழிக்கு 3 காய், மொத்தம் 42 என்று தொடங்குங்கள். பிள்ளை போடும் முதல் காயே அந்தக் குழியில் நாலாகிவிடும். நாலு சேர்ந்தால் பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒன்றும் நாலு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைபேசிப் பல்லாங்குழி செயலியில் இது நடக்காது. குழியைத் தொட்டால் காய்கள் தாமாகவே பரவிவிடும், பிள்ளைக்கு வேடிக்கை பார்க்கும் வேலைதான். இரண்டு முதல் ஐந்து வயது வரை திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தைப் பல்லாங்குழி செயலிக்குக் கொடுப்பது வீண். உடன் உட்கார்ந்து ஒரு கதைப் படம் பார்க்கலாம்.

குழிக்கு 5 போட்டு முழு ஆட்டம் ஆட 70 காய் தேவை. பலகையோடு தரும் பொட்டலத்தில் அத்தனை இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணிவிடுங்கள்.