குழந்தை உள்ள வீட்டுக்குச் சின்ன நாய்: தங்கச்சிமடத்தில் 6 வருட அனுபவம்

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். மல்லிகை நாற்றுப் போட்டு விற்பதுதான் தொழில், அதனால் எந்நேரமும் யாராவது ஒருவர் வீட்டில் இருப்போம். 6 வருடத்துக்கு முன்னால் மகளுக்கு 5 வயது. நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நாங்களும் சரி என்றோம். அப்போது நாங்கள் பார்த்தது ஒரே ஒரு விஷயம், நாய் சின்னதாக இருக்க வேண்டும். சின்ன நாய் குழந்தையை ஒன்றும் செய்யாது என்று நினைத்தோம். அந்த நினைப்பு தப்பு. சின்ன நாய்க்குத்தான் குழந்தையைக் கண்டு பயம் அதிகம், பயந்த நாய்தான் கடிக்கிறது. 5 கிலோ உயிர் மேல் 18 கிலோ பிள்ளை ஓடி வந்து விழுந்தால் அதற்கு எப்படி இருக்கும் என்று வாங்கும்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதலில் ஆசைப்பட்டது பக். சப்பை மூக்கும் சுருக்க நெற்றியும் மகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பரமக்குடியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பக் சித்திரை வெயிலில் மதியம் 2 மணிக்கு மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டு செத்துப் போனதைக் கேட்ட பிறகு அதை விட்டுவிட்டோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியே குறுகல். அதுவும் நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் நாக்கில் இருக்கும் எச்சில் சீக்கிரம் காயாது, எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. ராமநாதபுரம் பக்கம் பக் வளர்ப்பவர்கள் பங்குனி முதல் ஆவணி வரை அதை நிழலிலும் மின்விசிறியிலுமே வைத்திருக்க வேண்டும். டாஷ்ஹண்டும் பார்த்தோம். முதுகு நீளமான நாய், அதைப் பிள்ளைகள் முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினால் தண்டுவடத்துக்கே ஆபத்து என்று தெரிந்ததும் வேண்டாம் என்றோம்.

கடைசியில் மதுரையில் ஒருவரிடம் பொமரேனியன் என்று சொல்லி வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கினோம். அது பொமரேனியன் இல்லை. அசல் பொமரேனியன் வளர்ந்தாலும் மூன்றரை கிலோவைத் தாண்டாது. நம் ஊரில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் இங்கேயே பெருகி, நம் வெயிலுக்குப் பழகிவிட்ட நாய். எங்களுடையது இப்போது ஆறே முக்கால் கிலோ இருக்கிறது. இனம் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. வயதை மாற்றிச் சொன்னதுதான் பிரச்சினையாகிவிட்டது. 2 மாதம் முடிந்த குட்டி என்றார். இங்கே கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, 2 மாதக் குட்டிக்குப் பால்பற்கள் 28-ம் இருக்கும், இதற்குக் கடைவாயில் பாதி இன்னும் வரவே இல்லை, 5 வாரம் இருந்தால் அதிகம் என்று சொல்லிவிட்டார்.

3 வாரம் முன்பின் ஆனால் என்ன என்று கேட்கலாம். அந்த 3 வாரத்தில்தான் குட்டி கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும். ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாயும் உறுமும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை நாய் கற்றுக்கொள்வது அப்படித்தான். எங்கள் குட்டிக்கு அது கிடைக்கவில்லை. வந்த 9-ம் நாள் மகளின் புறங்கையில் பல் பதிந்தது. பால்பல் ஊசி மாதிரி இருக்கும், புள்ளி புள்ளியாக இரத்தம். எங்கள் அப்பத்தா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து எடுத்து வந்துவிட்டார். நல்லவேளை, அதை வைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28-ம் நாள் என்று ஊசி, காசு கிடையாது. வீட்டுக் குட்டிதானே, சின்னக் கீறல்தானே என்று யாரும் இதை விட்டுவிடாதீர்கள். குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில்தான் போடுவார்கள், அது வரைக்கும் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

அப்பத்தா அன்றைக்கு ஒன்று சொன்னார்: "தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்னு சொல்வாங்க. நீ தாயையே பாக்காமப் புடிச்சுட்டு வந்திருக்க." பெண் பார்க்கச் சொன்ன பழமொழி, நாய்க்கும் அப்படியே பொருந்தும். தாய் நாய் மனுஷரைக் கண்டு ஒதுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா, குட்டியைத் தொட விடுகிறதா என்று 10 நிமிடம் நின்று பார்த்திருந்தால் பாதி விஷயம் தெரிந்திருக்கும். எங்களுக்குக் குட்டியை ஒரு கூடையில் வைத்துப் பேருந்து நிலையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது அது வசதியாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் ஒரு வருடம் நாயைப் பழக்கியதைவிட மகளைப் பழக்கியதுதான் அதிகம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் நாயைத் தொடலாம், நின்றுகொண்டு தூக்கக் கூடாது. இந்த அளவு நாய்க்குக் கால் எலும்பு மெல்லியது, இடுப்பு உயரத்திலிருந்து துள்ளி விழுந்தால் முறிந்துவிடும். சாப்பிடும்போது, தூங்கும்போது பக்கத்திலேயே போகக் கூடாது. மகளுக்கு நான் காட்டிக் கொடுத்தது நாயின் முகத்தைத்தான். காதைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், பசி இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இதெல்லாம் போதும், விடு என்று அது சொல்கிற வார்த்தைகள். மகள் இதை எங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் கடைசி வரை மாறாதவர் அப்பத்தாதான், நாய் உறுமினால் விளக்குமாற்றை எடுப்பார். உறுமலுக்கு அடிக்கவே கூடாது. அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பிடிக்காதது மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த தடவை சத்தமே இல்லாமல் கடிக்கும்.

கடலோரத்தில் வளர்ப்பதற்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. கரையில் வலை உதறிய இடத்தில் பேத்தை மீன் காய்ந்து கிடக்கும், ஊதிப்போய் முள்ளும் முரடுமாக. அதன் விஷம் வேக வைத்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது, அந்தப் பக்கம் நாயைக் கட்டாமல் கூட்டிப் போவதே இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் கிடையாது. சூடை மீனை வேக வைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பேன், உப்பு போட மாட்டேன். கடல் தண்ணீரில் விளையாடினால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றி அலச வேண்டும், இல்லையென்றால் அடிமுடியில் உப்பும் ஈரமும் நின்று அரிப்பு வந்துவிடும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இது சின்னச் செலவு இல்லை, அதனால் நாங்கள் கடலுக்குக் கூட்டிப் போவதையே குறைத்துவிட்டோம். சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாளாவது நொண்டிக்கொண்டு வந்து காலை நீட்டும்.

வெயிலுக்கு முடியை மழித்துவிடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். செய்யாதீர்கள். ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு முடி. மேல்முடிதான் வெயிலைத் தடுக்கிறது, மழித்தால் வெளுத்த தோல் வெந்துவிடும், முடியும் பழையபடி முளைக்கும் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு 2 தடவை சீவி அடிமுடியை எடுத்தாலே போதும். வீடெங்கும் வெள்ளை முடி பறக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குரைப்பும் அப்படித்தான். கச்சான் காற்றில் கதவு ஆடினால்கூடக் குரைக்கும், அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த இனம் வேண்டாம்.

3-ம் வருடம் ஐப்பசி மழைக்கப்புறம் 2 நாள் சாப்பிடாமல் படுத்தே கிடந்தது. மகள்தான் மடியில் வைத்துக் காது முடியை விலக்கிப் பார்த்தாள். உள்மடிப்பில் ஆமணக்கு விதை மாதிரி, சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று 3 உண்ணி, இரத்தம் குடித்து உப்பியிருந்தது. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளிறிக் கிடந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். 10 நாளில் எழுந்து ஓடியது, ஆனாலும் 28 நாளும் விடாமல் கொடுத்தோம், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். அன்றிலிருந்து மாதாமாதம் உண்ணி மருந்து, செலவைப் பார்ப்பதில்லை. நாற்றுக்கு மருந்து அடிக்கிற அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள்ளேதான்.

இன்றைக்கு யாராவது கேட்டால் நான் ஸ்பிட்ஸையே சொல்வேனா? பிள்ளைக்கு 7 வயது தாண்டியிருந்தால் சொல்வேன். அதற்குக் கீழே என்றால் கொஞ்சம் பெரிய உடம்புள்ள, அமைதியான தாயின் நாட்டு நாய்க்குட்டியைத்தான் சொல்வேன், அதுவும் 8 வாரம் முடிந்த பிறகு. நம் வெயிலும் தண்ணீரும் அதற்குப் பழக்கம், முடி குட்டை, உண்ணி கண்ணுக்குத் தெரியும், பிள்ளை தடுக்கி மேலே விழுந்தாலும் தாங்கும். நம் ராமநாதபுரம் சீமையின் மண்டை என்கிற நாட்டு நாய் இனத்தைக் கேட்பவர்களும் உண்டு, அது வேட்டைக்கு வளர்த்த நாய், ஓட இடம் இல்லாத வீட்டில் கட்டிப் போடுவது பாவம். எதை எடுத்தாலும் 12 வருடத்துக்கு மேல் கூட இருக்கும் என்று எண்ணி எடுங்கள்.

போன வாரம் மகளின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நாயைப் பார்த்ததும் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். மகள் குறுக்கே போய் நின்றுகொண்டு, "மொதல்ல கீழ உக்காரு. அதுவா வரட்டும்" என்றாள். அவள் உட்கார்ந்தாள். நாய் வாசற்படியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து வந்து அவள் முழங்காலை மோந்து பார்த்தது.